‘காட்ஸில்லா’ மீண்டும் பிறக்குமா?

2025-ம் ஆண்டு ஆகஸ்ட் 26-ம் தேதி, ஜப்பானில் தோச்சிகி என்ற ஊரில் உள்ள நிஸான் தொழிற்சாலையில் ஊதா நிறக் கார் ஒன்று உற்பத்தி வரிசையின் கடைசிக்கு வந்து சேர்ந்தது. ஊதா என்றால் சாதாரண ஊதா அல்ல. வெளிச்சம் படுகிற பக்கத்துக்குத் தக்கபடி நிறம் மாறிக் காட்டும் ‘நள்ளிரவு ஊதா’. தொழிலாளர்கள் கூடி நின்று அதை வழியனுப்பி வைத்தார்கள். ஜப்பானியர் ஒருவருக்காகச் செய்யப்பட்ட அந்தக் கார்தான் நிஸான் ஜி.டி-ஆர் ஆர்-35 வரிசையில் கடைசி. 2007-ல் தொடங்கி 18 ஆண்டுகளில் சுமார் 48,000 கார்கள். அத்தோடு முடிந்தது.

முடிந்ததா, இல்லை அடுத்த தலைமுறை வருமா? சங்கத்தின் பொங்கல் விழாவில் பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் இதைப் பற்றிச் சண்டை போடாத குறையாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். இவர்களில் யாரும் அந்தக் காரில் உட்கார்ந்ததில்லை. எல்லாம் ‘கிரான் டூரிஸ்மோ’ என்ற வீடியோ விளையாட்டில் வந்த பழக்கம். புனேயில் நெடுங்காலம் கார்களின் உடற்பகுதிக்கான டை செய்யும் டூல் ரூமில் வேலை பார்த்தவன் என்பதால் என்னையும் நடுவராக இழுத்துவிட்டார்கள். பந்தியில் இடம் கிடைத்துவிட்டதால் அன்று பாதியில் எழுந்தேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

கார் மோகம் இல்லாத பெரியவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்தக் கதையின் ஒரு நுனி நம் ஒரகடத்தில் இருக்கிறது.

பெட்டியில் பிறந்த பெயர்

ஸ்கைலைன் என்ற கார் முதலில் நிஸானுடையதே அல்ல. 1957-ல் பிரின்ஸ் என்ற நிறுவனம் கொண்டுவந்தது. 1966-ல் பிரின்ஸ் நிஸானோடு இணைந்தபோது, கல்யாணமாகி வரும் பெண்ணோடு சீர்வரிசை வருவதைப் போல ஸ்கைலைனும் அதை உருவாக்கிய பொறியாளர்களும் நிஸானுக்கு வந்தார்கள். அவர்களில் தலையாயவர் ஷினிச்சிரோ சகுராய். அவர் தலைமையில் 1969 பிப்ரவரியில் முதல் ஸ்கைலைன் ஜி.டி-ஆர் வந்தது. நான்கு கதவு, பெட்டி போன்ற உருவம். 2 லிட்டர், 6 சிலிண்டர், 24 வால்வு, 160 குதிரைசக்தி. பார்வைக்கு அலுவலகம் போகிறவர் ஓட்டும் கார்தான். ஆனால் மூன்றே ஆண்டுகளில் ஜப்பானியப் பந்தயங்களில் சுமார் 50 வெற்றிகள். ‘ஹாக்கோ’ என்றால் பெட்டி; அதனால் ‘ஹாக்கோசுகா’ என்று ஜனங்கள் செல்லப்பெயர் வைத்தார்கள்.

அடுத்தது 1973-ல் வந்தது. விளம்பரத்தில் தோன்றிய கென், மேரி என்ற ஜோடியின் பெயரால் ‘கென்மெரி’. இது பந்தயத்தில் ஓடவே இல்லை. வாகனப் புகைக்கான கட்டுப்பாடுகள் இறுகின. இன்ஜினால் ஈடுகொடுக்க முடியவில்லை. 197 கார்களோடு நிறுத்திவிட்டார்கள். அதே ஆண்டின் கடைசியில் எண்ணெய் நெருக்கடியும் வந்து சேர்ந்தது. வேகத்தைப் பற்றிப் பேசவே கூச்சப்பட வேண்டிய காலம்.

அதன்பின் 16 வருடங்கள் ஜி.டி-ஆர் என்ற மூன்றெழுத்து எந்தக் காரின் பின்புறத்திலும் ஒட்டப்படவில்லை. இடையில் ஸ்கைலைன் வந்துகொண்டுதான் இருந்தது. வேகமான ஸ்கைலைன்களும் வந்தன. ஆனாலும் அந்த எழுத்தை எடுத்து ஒட்ட அவர்கள் துணியவில்லை. நம்மூர் மொழியில் சொன்னால், பெரியவர் பெயரைப் பேரனுக்கு வைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1989-ல் நாள் கூடிவந்தது. ஆர்-32. 2.6 லிட்டர், இரண்டு டர்போ, தேவைப்படும்போது மட்டும் முன் சக்கரங்களுக்கும் விசையை அனுப்பும் மின்னணு ஏற்பாடு. அந்தக் காலத்தில் ஜப்பானியக் கம்பெனிகள் 280 குதிரைசக்திக்கு மேல் போவதில்லை என்று தங்களுக்குள் பேசிவைத்திருந்தன. எனவே காகிதத்தில் 280 என்று போட்டார்கள். காகிதத்தில் மட்டும்தான் என்பது ஊரறிந்த ரகசியம். ஜப்பான் பயணிகள் கார் பந்தயத் தொடரில் 1990 முதல் 1993 வரை நடந்த 29 பந்தயங்களில் 29-ஐயும் வென்றது. ஆஸ்திரேலியாவில் 1991, 1992 இரு ஆண்டுகளிலும் பாதர்ஸ்ட் நெடும்பந்தயத்தை ஜெயித்தது. ‘காட்ஸில்லா’ என்ற பெயரும் ஆஸ்திரேலியப் பத்திரிகை ஒன்று வைத்ததுதான். 1992-ல் வென்ற ஜிம் ரிச்சர்ட்ஸ் மேடை ஏறியபோது கூட்டம் கூச்சலிட, அவர் பதிலுக்குக் கூட்டத்தை வைய, ஒரே களேபரம். அடுத்த ஆண்டு பந்தய விதிகளே மாறிவிட்டன.

ஆர்-32 ஏறத்தாழ 44,000 கார்கள் விற்றது. 1995-ல் வந்த ஆர்-33 ஏறத்தாழ 16,500. 1999-ல் வந்த ஆர்-34 சுமார் 11,500. இன்று உலகம் முழுவதும் பையன்கள் சுவரில் படம் ஒட்டிவைத்திருப்பது இந்த ஆர்-34-ஐத்தான். கொஞ்சமாக விற்ற கார்தான் பிற்காலத்தில் அதிகமாகக் கொண்டாடப்படுகிறது. 2002-ல் அதுவும் நின்றது. மறுபடியும் புகைக் கட்டுப்பாடுதான்.

பணம் இல்லாத நேரத்தில் வந்த பிள்ளை

இனி சொல்லப்போவதுதான் இன்றைய கேள்விக்கு முக்கியம். ஆர்-34 விற்பனைக்கு வந்த அதே 1999-ல் நிஸான் திவாலாகும் நிலையில் இருந்தது. கடன் சுமார் 2 லட்சம் கோடி யென். பிரான்சின் ரெனோ 36.8 சதவீதப் பங்கை வாங்கி, கார்லோஸ் கோன் என்பவரை அனுப்பியது. அவர் தொழிற்சாலைகளை மூடினார், ஆட்களைக் குறைத்தார், பாகங்கள் சப்ளை செய்த நிறுவனங்களில் நிஸான் வைத்திருந்த பங்குகளை விற்றார். இப்படி வெட்டிச் சாய்த்த மனிதர் 2001 டோக்கியோ கண்காட்சியில் ஒரு ஜி.டி-ஆர் மாதிரியைக் காட்ட வைத்தார். பிறகு கசுதோஷி மிசுனோ என்ற பொறியாளரிடம் அதைச் செய்யும் முழுப் பொறுப்பையும் கொடுத்தார். வீடு ஜப்திக்கு வந்த நேரத்தில் பட்டுப்புடவைக்கு ஆர்டர் கொடுத்த மாதிரி என்று தோன்றும். கோனைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. 2018-ல் கைதாகி, 2019 கடைசியில் ஜாமீனில் இருந்தபடியே லெபனானுக்குத் தப்பிய கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் இந்த ஒரு முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். உள்ளே வேலை செய்பவனுக்கு, ‘நாம் வெறுமனே செலவைக் குறைத்துக்கொண்டிருக்கவில்லை, எதையோ செய்துகொண்டும் இருக்கிறோம்’ என்ற தெம்பு வேண்டும். அந்தத் தெம்பு இல்லாத பட்டறை எப்படி இருக்கும் என்பதைப் பார்த்திருக்கிறேன்.

2007 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது ஆர்-35. ஸ்கைலைன் என்ற பெயரைக் கழற்றிவிட்டு வெறும் ஜி.டி-ஆர் ஆனது இங்கேதான். 3.8 லிட்டர் வி-6 இன்ஜின், இரட்டை டர்போ, 480 குதிரைசக்தி. இன்ஜின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால். எடை இரு பக்கமும் பங்கிடப்படுவதற்காக. விலை 77.7 லட்சம் யென். அதைப்போல இரண்டு மடங்கு விலையுள்ள ஐரோப்பியக் கார்களோடு மோதத்தான் இந்த ஏற்பாடெல்லாம்.

ஜெர்மனியில் நூர்புர்க்ரிங் என்று 20 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான பந்தயப் பாதை ஒன்று உண்டு. கார்களுக்கு அது ஒரு பரீட்சை மண்டபம். 2008-ல் ஜி.டி-ஆர் அதை 7 நிமிடம் 29 விநாடியில் சுற்றியதாக நிஸான் சொன்னது. போர்ஷே கம்பெனிக்குப் பொறுக்கவில்லை. அமெரிக்காவில் ஒரு ஜி.டி-ஆர் காரை விலைக்கு வாங்கித் தாங்களே ஓட்டிப் பார்த்து, 7 நிமிடம் 54 விநாடிதான் வந்தது என்று அறிவித்தார்கள். நிஸான் விடவில்லை, உங்கள் டிரைவருக்கு வேண்டுமானால் பாடம் நடத்துகிறோம் என்கிற தோரணையில் பதில் போனது. 2013-ல் நிஸ்மோ வகை 7 நிமிடம் 8.679 விநாடியில் சுற்றியதும் வாதம் அடங்கியது.

என் தொழிலை ஒட்டி எனக்குப் பிடித்த விஷயம் வேறு. ஆர்-35-ன் இன்ஜின்கள் யோகோஹாமாவில் ஒவ்வொன்றும் ஒரே ஆளின் கையால் பூட்டப்பட்டவை. அந்தக் கைத்தேர்ச்சி உள்ளவர்களைத் ‘தாகுமி’ என்கிறார்கள். 18 வருடத்திலும் மொத்தமாக 9 பேர்தான் அந்த வேலையைச் செய்தார்கள். பூட்டியவரின் பெயர் பொறித்த தகடு இன்ஜின் மேலேயே இருக்கும். ஏதாவது கோளாறு என்றால் யாருடைய கை என்று தெரிந்துவிடும். நம் ஸ்தபதிகள்கூட சிலைக்கு அடியில் பெயர் போடுவதில்லை!

பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. காருக்குள் இருக்கும் தகவல் திரையை வடிவமைத்தது ‘கிரான் டூரிஸ்மோ’ விளையாட்டைச் செய்த அதே நிறுவனம்தான். இன்னொன்று: ஜப்பானில் விற்ற கார் மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி கட்டப்பட்டிருந்தது. குறிப்பிட்ட சில பந்தயத் திடல்களுக்குள் நுழைந்தால், செயற்கைக்கோள் வழியாக இடத்தை அறிந்து, அந்தக் கட்டை அவிழ்க்க அது அனுமதிக்கும்.

இந்தியாவுக்கும் வந்தது. 2016 டிசம்பரில் டில்லி ஷோரூம் விலை 1.99 கோடி ரூபாய்.

ஏன் நின்றது?

பந்தியில் பையன்கள் சொன்ன காரணம், ‘மின்சாரக் கார் வந்துவிட்டது அங்கிள்’. அது பாதிகூட உண்மை இல்லை. காரைக் கொன்றது ஒரே அடி அல்ல. ஒவ்வொரு நாடாகக் கதவைச் சாத்தியது. 2021-ல் ஆஸ்திரேலியாவில் பக்கவாட்டு மோதலுக்கான புது விதி. 2022-ல் ஐரோப்பாவில் சத்தத்துக்கான கட்டுப்பாடு. 2024-ல் அமெரிக்கச் சந்தைக்கான உற்பத்தி நின்றது. கடைசியில் ஜப்பான் மிஞ்சியது. 2007-ல் தீட்டிய உடலை 2025-ன் விதிகளுக்குப் பொருத்த வேண்டுமென்றால் ஒட்டுப்போட முடியாது, வேறு உடல்தான் செய்ய வேண்டும்.

இங்கேதான் டூல் ரூம்காரன் பேச வேண்டியிருக்கிறது. ஒரு கதவோ பானெட்டோ தகட்டிலிருந்து வடிவெடுக்க, பிரஸ்ஸில் ஒன்றன்பின் ஒன்றாக நாலைந்து டை வேண்டும். ஒவ்வொன்றும் பல டன் எடையுள்ள வார்ப்பு. கார் 3,000 செய்தாலும் 3 லட்சம் செய்தாலும் டை செலவு பெரிதாக மாறாது. மோதல் சோதனை, புகைச் சோதனை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். 48,000 கார்களை 18 ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள்: ஆண்டுக்கு 2,700 கூட வராது. ஒரகடம் ஆலையின் கொள்ளளவு ஆண்டுக்கு 4 லட்சத்துக்கு மேல். அது முழு வேகத்தில் ஓடினால் 48,000 கார்களை ஒன்றரை மாதத்தில் முடித்துவிடும்.

அதனால்தான் ஒரே உருவத்தை 18 வருடம் இழுத்தார்கள். விலையும் ஏறிக்கொண்டே போய், 2025 மாடலில் சாதாரண வகையே 1.44 கோடி யென் ஆனது. 77.7 லட்சத்தில் ஆரம்பித்த கார். ‘பணக்காரக் காரைப் பாதி விலையில் தோற்கடிக்கும் கார்’ என்ற பழைய பெருமை அப்போதே பாதி போய்விட்டது என்பது என் எண்ணம்.

மறுபடியும் கையில் காசில்லை

2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் நிஸானுக்கு நிகர நஷ்டம் 67,090 கோடி யென். ஹோண்டாவோடு இணையும் பேச்சு 2024 டிசம்பரில் தொடங்கி, 2025 பிப்ரவரியில் முறிந்தது. நிஸானைத் தன் துணை நிறுவனமாக ஆக்கிக்கொள்ள ஹோண்டா விரும்பியது; நிஸான் சம்மதிக்கவில்லை. ஏப்ரலில் மெக்சிகோக்காரரான இவான் எஸ்பினோசா தலைமைப் பொறுப்பை ஏற்றார். மே மாதம் திட்டம் வந்தது: உலகம் முழுவதும் 20,000 பேர் வேலை இழப்பு, 17 தொழிற்சாலைகள் 10 ஆகக் குறைப்பு. நிஸானின் தாய்வீடு போன்ற ஒப்பாமா ஆலையில் 2028 மார்ச்சோடு கார் உற்பத்தி நிற்கும் என்ற அறிவிப்பு. அதே ஆண்டு நவம்பரில் யோகோஹாமா தலைமை அலுவலகக் கட்டடத்தையே 9,700 கோடி யென்னுக்கு விற்று, அதிலேயே வாடகைக்கு இருக்க ஒப்பந்தம் போட்டார்கள்.

ஒரகடம் இதில்தான் வருகிறது. 2010-ல் தொடங்கிய ரெனோ நிஸான் கூட்டு ஆலையில் நிஸானின் பங்கு 51 சதவீதம். 2025 மார்ச் 31-ம் தேதி அந்தப் பங்கு முழுவதையும் ரெனோவுக்கு விற்பதாக அறிவித்தார்கள். ஆலை மூடப்படவில்லை, மேக்னைட் போன்ற நிஸான் கார்களை அங்கே தொடர்ந்து செய்துதர ரெனோ ஒப்புக்கொண்டது. ஆனாலும் சொந்த வீட்டில் இருந்தவர் குடித்தனக்காரர் ஆகிவிட்டார். ஸ்ரீபெரும்புதூர், படப்பை, வாலாஜாபாத் பக்கம் உறவினர் இருக்கும் நம் வீடுகளில் அந்த ஏப்ரல் மாதம் தொலைபேசியில் இதைத் தவிர வேறு பேச்சில்லை. அந்த ஆலையை நம்பிச் சுற்றிலும் எத்தனை சிறு பட்டறைகள், எத்தனை வேன் ஓட்டுநர்கள், எத்தனை மெஸ்கள்!

இப்படி ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டு, இருக்கும் கட்டடத்தை விற்றுக்கொண்டு, கோடீஸ்வரர்களுக்கான ஒரு பந்தயக் காரை மறுபடி செய்யலாமா? வேலை போனவர் வீட்டில் இந்தக் கேள்விக்கு என்ன பதில் கிடைக்கும் என்பதை எழுத வேண்டியதில்லை. ‘ரசிகர்கள்’ என்று நாம் பேசுவது அங்கே எடுபடாது.

1999-ஐ உதாரணம் காட்டுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அன்று ரெனோவின் பணம் உள்ளே வந்தது. இன்று அப்படிக் கைகொடுக்க ஒருவர் வரவில்லை. அன்று கோன் பச்சைக்கொடி காட்டியபோதும் கார் கடைக்கு வர 2007 ஆயிற்று. அதாவது கம்பெனி முதலில் எழுந்து நின்றது, கார் பிறகு வந்தது.

சொன்னதும் சொல்லாததும்

கடைசிக் கார் வெளிவந்த அன்று எஸ்பினோசா விடுத்த செய்தியில் இது நிரந்தர விடை அல்ல, பெயர் ஒருநாள் திரும்ப வரவேண்டும் என்பதே தங்கள் குறிக்கோள் என்று இருந்தது. அந்தப் பெயரை எந்தக் காருக்கு வேண்டுமானாலும் ஒட்டிவிட முடியாது, பொறுமை வேண்டும் என்றும் சொன்னார். துல்லியமான திட்டம் இன்று கையில் இல்லை என்பதையும் ஒளிக்கவில்லை. கம்பெனித் தலைவர்களின் அறிக்கைகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்தக் கடைசி வரி அபூர்வம் என்று தெரியும்.

2023 டோக்கியோ கண்காட்சியில் ‘ஹைப்பர் ஃபோர்ஸ்’ என்று ஒரு முழு மின்சார மாதிரியைக் காட்டினார்கள். 1,000 கிலோவாட், அதாவது 1,300 குதிரைசக்திக்கு மேல். திட நிலை பேட்டரி என்றார்கள். அந்த பேட்டரியே இன்னும் கடைத்தெருவுக்கு வரவில்லை. 2025 ஜனவரியில் டோக்கியோவில் இன்னொரு வேடிக்கை: பழைய ஆர்-32 ஒன்றின் இன்ஜினைக் கழற்றிவிட்டு மோட்டார் பொருத்தி, பழைய இன்ஜினின் சத்தத்தை ஒலிபெருக்கியில் வரவைத்தார்கள். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வருத்தமும்தான். பெட்ரோலும் மின்சாரமும் கலந்த ஹைப்ரிட் ஏற்பாட்டைத்தான் நிஸானின் அமெரிக்கக் கிளை அதிகாரிகள் 2025-ல் கோடி காட்டினார்கள். அதுவே நடைமுறைக்கு ஒத்துவரும்.

பணத்துக்கு வழி? டொயோட்டா காட்டிய வழி ஒன்று உண்டு. 2002-ல் நின்றுபோன சுப்ரா 2019-ல் திரும்பி வந்தது பி.எம்.டபிள்யூவோடு கூட்டாகத்தான். இன்ஜின் அவர்களுடையது, செய்தது ஆஸ்திரியாவில் கிராஸ் நகரத்து ஒப்பந்தத் தொழிற்சாலை. ‘இது சுப்ராவே இல்லை’ என்று முணுமுணுத்தவர்கள் நிறைய. ஜி.டி-ஆர் அப்படி வந்தால் தாகுமி தகட்டில் யார் பெயரைப் பொறிப்பது? இரவல் இன்ஜினோடு வருவதைவிட இன்னும் பத்து வருடம் வராமலே இருக்கலாம் என்பேன். 1973-க்குப் பிறகு 16 வருடம் அந்தப் பெயரைப் பெட்டியில் பூட்டி வைத்ததால்தான் ஆர்-32-க்கு அவ்வளவு மரியாதை கிடைத்தது.

‘அப்போ வராதா அங்கிள்?’ என்று கேட்டான் ஒரு பையன். வரும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவன் எதிர்பார்க்கும் சீக்கிரத்தில் அல்ல. வெட்டிக் குறைக்கும் திட்டம் 2028 மார்ச் வரை ஓடுகிறது. அதற்கு முன் இவ்வளவு பணத்தை இதில் இறக்க எந்த இயக்குநர் குழுவும் கை தூக்காது. அதற்குப் பிறகு முடிவெடுத்தாலும் நான்கைந்து வருட வேலை.

அதுவரை கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த 2025 மே திட்டத்திலேயே, சீக்கிரமாக உருவாக்கப்போகும் கார்களின் பட்டியலில் புதிய ஸ்கைலைன் இருக்கிறது. ஆர்-32, 33, 34 மூன்றும் ஸ்கைலைனின் அடிச்சட்டத்திலிருந்து முளைத்தவை. அந்தக் கார் வெளிவரும்போது பெயிண்டையும் விளக்கையும் பார்க்காமல் குனிந்து அடியில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்: பின் சக்கரம்தான் ஓட்டுகிறதா, பெரிய இன்ஜினை நீளவாக்கில் வைக்க முன்னால் இடம் விட்டிருக்கிறார்களா என்று. இடம் விட்டிருந்தால் எனக்கு ஒரு போன் போடச் சொல்லியிருக்கிறேன்.